செல் கலந்த மையால் குருத்தெலும்பு: பயோபிரின்டிங் ஓர் அறிமுகம்

கறிக்கடையில் ஆட்டுக்கால் வாங்கும்போது மூட்டு பிரிந்த இடத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எலும்பு முனையின் மேல் நீலம் பாய்ந்த வெண்மையில், ஈரமும் வழவழப்பும் கொண்ட ஒரு பூச்சு இருக்கும். நகத்தால் அழுத்தினால் சற்றே உள்வாங்கி மீண்டும் எழும்பும். கத்தியால் சீவினால் மெல்லிய சீவலாகக் கழன்று வரும். அதுதான் மூட்டுக் குருத்தெலும்பு. மனித முழங்காலில் இதன் தடிமன் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். நடக்கும்போது உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு சுமை இதன் மேல் இறங்குகிறது.

இதற்குள் ரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. எடையில் 65 முதல் 80 சதவீதம் வரை தண்ணீர். மீதியில் பெரும்பங்கு இரண்டாம் வகை கொலாஜன் என்ற புரத இழைகளுக்கும், அந்த இழைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டு தண்ணீரை இழுத்துப் பிடித்திருக்கும் அக்ரிகான் என்ற பெரிய மூலக்கூறுக்கும் உரியது. செல்கள் கன அளவில் சில சதவீதம் மட்டுமே. காண்ட்ரோசைட் எனப்படும் இந்தச் செல்கள்தான் தம்மைச் சுற்றியுள்ள அத்தனையையும் சுரந்து, பராமரிக்கின்றன. செல் குறைவு, ரத்த ஓட்டம் இல்லை என்பதால் ஒருமுறை பள்ளம் விழுந்தால் அது தானாக நிரம்புவதில்லை. லண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்டர் 1743-லேயே, அழிந்த குருத்தெலும்பு மீள்வதில்லை என்று எழுதிவிட்டார்.

ரத்தக் குழாய் வேண்டாம், ஒரே வகைச் செல், மெல்லிய அடுக்கு. கேட்டால் ஈரலையோ சிறுநீரகத்தையோ விட அச்சிட மிக எளிதான திசு போலத் தோன்றும். உயிருள்ள செல்களை மையில் கலந்து அடுக்கடுக்காக அச்சிடும் பயோபிரின்டிங் துறை தொடக்கத்திலிருந்தே குருத்தெலும்பின் மேல் கண் வைத்ததற்கு இது ஒரு காரணம். ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிரின்டரிலிருந்து குருத்தெலும்பு வெளியே வருவதில்லை. வருவது, உயிருள்ள செல்கள் சிதறிக் கிடக்கும் ஒரு மென்மையான ஜெல். அந்தச் செல்கள் அடுத்த சில வாரங்களில் கொலாஜனும் அக்ரிகானும் சுரந்தால்தான் அது குருத்தெலும்பாக மாறும். அச்சிடும் வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். செல்களுக்கான காத்திருப்பு நான்கு முதல் ஆறு வாரம்.

ஜெல் எதற்கு?

1994-ல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் மருத்துவர்கள், 23 பேரின் முழங்காலில் அவரவர் செல்களையே வளர்த்துத் திரும்ப வைத்த முடிவுகளை வெளியிட்டார்கள். செல்களைத் திரவமாகப் பள்ளத்தில் விட்டு, மேலே எலும்புறைத் துண்டு ஒன்றைத் தைத்து மூடும் முறை அது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் திரவத்தில் மிதக்கும் செல்கள் பள்ளத்தில் எங்கே போய் உட்காரும் என்பது கையில் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. காண்ட்ரோசைட்டைத் தட்டையான பிளாஸ்டிக் தட்டில் வளர்த்தால் அது எண்ணிக்கையில் பெருகும். ஆனால் உருண்டை வடிவம் போய்த் தட்டையாகப் பரவி, இரண்டாம் வகைக்குப் பதில் முதல் வகை கொலாஜனைச் சுரக்கத் தொடங்கும். அது தழும்பின் பொருள், மூட்டுக்கு ஆகாது. 1982-ல் பென்யா, ஷாஃபர் என்ற ஆய்வாளர்கள் இப்படித் தடம் மாறிய செல்களை அகரோஸ் ஜெல்லுக்குள் வைத்தபோது அவை மீண்டும் உருண்டு, தம் பழைய வேலைக்குத் திரும்பின. ஆகவே செல்களைத் தாங்கிப் பிடிப்பதோடு ஜெல்லின் வேலை முடிவதில்லை. 'நீ குருத்தெலும்புச் செல்' என்று செல்லுக்கு நினைவூட்டும் சூழலும் அதுவே. பயோபிரின்டிங் இதனுடன், எந்தச் செல் எங்கே, எந்த அடுக்கில் என்று இடம் குறிக்கும் வசதியையும் சேர்க்கிறது.

மை என்றால் எப்படிப்பட்ட மை?

மருதாணிக் கோனை நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தினால் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். கையில் விழுந்ததும் பரவாமல் கோடாகவே நிற்க வேண்டும். சல்லடையில் சலிக்காத தூள் இருந்தால் நுனி அடைத்துக்கொள்ளும். பயோஇங்க் எனப்படும் செல் கலந்த மைக்கும் இதே மூன்று நிபந்தனைகள். அழுத்தத்தில் இளகி, அழுத்தம் நின்றதும் இறுகும் இந்தக் குணம் இல்லாத பொருளை ஊசி வழியே அச்சிட முடியாது.

மருதாணிக்கு இல்லாத நான்காவது நிபந்தனை, உள்ளே உயிர் இருக்க வேண்டும் என்பது. மை கெட்டியாக இருந்தால் வடிவம் துல்லியமாக நிற்கும். ஆனால் அதைத் தள்ள அதிக அழுத்தம் தேவைப்பட்டு, ஊசிக்குள் செல்கள் உரசிக் கிழியும். பிழைத்த செல்லும் நெருக்கமான வலையில் சிக்கி, தான் சுரந்ததைப் பரப்ப இடமில்லாமல் திணறும். மை நீர்த்திருந்தால் செல் சுகமாக இருக்கும், அச்சு சரிந்து குட்டையாகும். இந்தத் துறையின் பாதி ஆராய்ச்சி இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள குறுகிய இடைவெளியைத் தேடுவதுதான்.

அடிப்படைப் பொருள்களில் முதலில் கைக்கு வருவது ஆல்ஜினேட். பழுப்புக் கடற்பாசியின் செல் சுவரிலிருந்து எடுக்கப்படும் சர்க்கரைச் சங்கிலி இது. மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரம் கரையோரம் சேகரிக்கப்படும் சர்காசம், டர்பினேரியா பாசிகளிலிருந்தும் ஆல்ஜினேட் எடுக்கிறார்கள். ஆனால் உணவுக்கும் துணிச் சாயத்துக்கும் போகும் தரத்தைச் செல் வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. பாக்டீரியா நச்சு எச்சம் நீக்கிச் சுத்திகரித்த தரம் வேண்டும். கால்சியம் பட்டவுடன் ஆல்ஜினேட் சில நிமிடங்களில் ஜெல்லாகும். செல்கள் ஒட்டிக்கொள்ளும் இடம் இதில் இல்லை என்பதை மற்றத் திசுக்களில் குறையாகச் சொல்வார்கள். காண்ட்ரோசைட்டுக்கு அது நன்மை, ஏனென்றால் ஒட்ட இடமில்லாத செல் உருண்டையாகவே இருக்கும்.

ஆல்ஜினேட் மட்டும் தேன் போல ஒழுகும். அதற்கு உடல் கொடுக்க வேறொன்றைக் கலக்க வேண்டும். கோத்தன்பர்க்கில் பால் காட்டன்ஹோம் குழு 2015-ல் மரக்கூழிலிருந்து எடுத்த நானோசெல்லுலோஸ் இழைகளைக் கலந்தது. மனித மூக்குத் தடுப்புச் சுவரின் காண்ட்ரோசைட்டுகளை அந்த மையில் கலந்து அச்சிட்டபோது, முதல் நாளில் 73 சதவீதமும் ஏழாம் நாளில் 86 சதவீதமும் உயிரோடு இருந்தன. செல்லில்லா மையில் மனிதக் காது, ஆட்டின் முழங்கால் சவ்வு வடிவங்களையும் அவர்கள் அச்சிட்டுக் காட்டினார்கள். ஐஐடி டெல்லியில் சௌரப் கோஷ் குழு பட்டுப்பூச்சியின் ஃபைப்ராயின் புரதத்தை ஜெலட்டினுடன் கலந்து மையாக்கியது. ஜெல்மா எனப்படும் மாற்றம் செய்த ஜெலட்டின் இன்னொரு பரவலான தேர்வு. எல்ஏபி என்ற தூண்டியைச் சிறிது சேர்த்து 405 நானோமீட்டர் நீல ஊதா ஒளியைக் காட்டினால் அது இறுகும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு ஏற்றது ஆல்ஜினேட்-ஜெலட்டின் கலவை. விலை குறைவு, தவறு செய்து கற்றுக்கொள்ளப் பொருத்தமானது. ஜெலட்டின் குளிரில் இறுகி அச்சைத் தற்காலிகமாகத் தாங்கும். ஆல்ஜினேட்டைக் கால்சியம் நிரந்தரமாகப் பிடிக்கும். பிறகு 37 டிகிரி இன்குபேட்டரில் ஜெலட்டின் மெல்லக் கரைந்து வெளியேறும்.

கலப்பது

10 மி.லி. மைக்கு 0.3 கிராம் ஆல்ஜினேட், 0.6 கிராம் ஜெலட்டின். அதாவது 3 சதவீதம், 6 சதவீதம். கரைக்கும் திரவத்தில் கால்சியம் இருக்கக் கூடாது. சாதாரண வளர்ப்பு மீடியத்தில் கரைத்தால் அதிலுள்ள 1.8 மில்லிமோலார் கால்சியமே ஆங்காங்கே முன்கூட்டி இறுக்கி, மையைச் சமமில்லாமல் ஆக்கிவிடும். திரவத்தை 40 டிகிரியில் சுழலவிட்டு, தூளைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவ வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் கூழில் கட்டி தட்டுவது போல, வெளியே வழவழவென்றும் உள்ளே காய்ந்த தூளாகவும் உருண்டைகள் நிற்கும். அவற்றை உடைப்பது மகா பாடு. ஓர் இரவு முழுக்கக் கலக்கவிடுவது நல்லது.

கிருமி நீக்கத்தில்தான் பலர் தடுக்கி விழுவார்கள். அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்தால் ஆல்ஜினேட் சங்கிலிகள் வெட்டுப்பட்டு மை நீர்த்துப்போகும். நேற்று அச்சான அதே செய்முறை இன்று ஏன் ஒழுகுகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஆல்ஜினேட்டை நீர்த்த கரைசலாக வடிகட்டி, உறைய வைத்து உலர்த்தி, கிருமியற்ற தூளாக வைத்துக்கொள்வது பாதுகாப்பான வழி.

காற்றுக் குமிழியைச் செல் கலக்கும் முன்பே சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்துவிட வேண்டும். செல் கலந்த பிறகு சுற்றினால் செல்கள் அடியில் போய்ச் சேரும். குமிழி ஊசிக்கு வரும்போது கோடு அறுந்து, அடுத்த நொடியே மை திட்டாக விழும்.

இப்போது செல் கணக்கு. ஒரு மி.லி. மைக்கு 0.1 மி.லி. செல் திரவம் என்று வைத்துக்கொள்வோம். முடிவில் மி.லி.க்கு 1 கோடி செல் வேண்டுமானால், மொத்தம் 1.1 மி.லி. என்பதால் 1.1 கோடி செல்களை அந்த 0.1 மி.லி.க்குள் அடக்க வேண்டும். இதில் ஆல்ஜினேட் 3 சதவீதத்திலிருந்து 2.7-க்கு இறங்குவதையும் கவனிக்க வேண்டும். செல்லில்லா மையில் சோதித்த அழுத்தம் செல் கலந்ததும் சரிவராததற்கு இந்த நீர்ப்பும் ஒரு காரணம். சோதனை மையிலும் 0.1 மி.லி. வெறும் திரவம் சேர்த்தே பாருங்கள். கலக்க, இரண்டு சிரிஞ்சுகளை ஓர் இணைப்பால் முகத்துக்கு முகம் பொருத்தி, 37 டிகிரி சூட்டில் மெதுவாக முன்னும் பின்னும் இருபது முப்பது தடவை தள்ளினால் போதும். சுழற்சிக் கலக்கி வேண்டாம்.

எவ்வளவு மை தேவை என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். முழங்காலில் 2 சதுர சென்டிமீட்டர் பள்ளம், 2 மில்லிமீட்டர் ஆழம் என்றால் கன அளவு 0.4 மி.லி. மட்டுமே. மி.லி.க்கு 2 கோடி செல் வைத்தாலும் 80 லட்சம் செல்களே வேண்டும். ஆனால் நோயாளியிடமிருந்து எடுக்கக்கூடிய சிறு துண்டில் அவ்வளவு இருக்காது. தட்டில் பெருக்க வேண்டும். பெருக்கப் பெருக்கச் செல் தடம் மாறும். அதனால் இரண்டாவது மறுவளர்ப்பை (புதுத் தட்டுக்கு மாற்றி வளர்ப்பதை)த் தாண்டாமல் பயன்படுத்துவது நல்லது.

அச்சிடுவது

கார்ட்ரிட்ஜில் மையை நிரப்பி 22 முதல் 25 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம் அமர விடுங்கள். ஊசியின் நுனியில் தொங்கும் மையைப் பார்த்தே நிலைமையைச் சொல்லிவிடலாம். சொட்டாக உருண்டு தொங்கினால் இன்னும் இளகல். வழவழப்பான நூலாகத் தொடர்ந்து இறங்கினால் சரி. முள் முள்ளாக, துண்டு துண்டாக வந்தால் அளவுக்கு மேல் இறுகிவிட்டது.

ஜெலட்டின் நேரம் ஆக ஆக இறுகிக்கொண்டே போகும். பத்தாவது நிமிடத்தில் பொருந்திய அழுத்தம் நாற்பதாவது நிமிடத்தில் பொருந்தாது. இன்னொரு எதிரி ஏசி. கார்ட்ரிட்ஜ் சூட்டுறைக்குள் 24 டிகிரியில் இருந்தாலும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உலோக ஊசி ஏசிக் காற்றில் குளிர்ந்து, நுனியில் மட்டும் அடைத்துக்கொள்ளும். அடைப்பைத் தள்ள அழுத்தத்தைக் கூட்டினால் அது திடீரென்று பீறிடும். பிளாஸ்டிக் கூம்பு நாசில் இதற்கு நல்லது. சூட்டை எளிதில் கடத்தாது, செல்கள் நீண்ட குறுகிய குழாயில் உரசாமல் கடைசி நுனியில் மட்டும் நெருக்கப்படும்.

நாசில் விட்டம் 410 மைக்ரோமீட்டரில் தொடங்கி, கை பழகியபின் 250-க்குப் போகலாம். தண்ணீர் போன்ற திரவத்தில் குழாய் விட்டத்தைப் பாதியாக்கினால் அதே அழுத்தத்தில் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். பயோஇங்க் அழுத்தத்தில் இளகுவதால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் மெல்லிய ஊசிக்குச் செல்கள் கொடுக்கும் விலை எப்படி ஏறும் என்பது இதில் புரியும். 20 கிலோபாஸ்கலில் தொடங்கி ஐந்து ஐந்தாக ஏற்றி, கோடு தொடர்ந்து வரும் மிகக் குறைந்த அழுத்தத்தில் நிறுத்துங்கள். வேகம் நொடிக்கு 5 முதல் 10 மில்லிமீட்டர். அடுக்கு உயரம் நாசில் விட்டத்தில் சுமார் 80 சதவீதம் இருந்தால் மேல் கோடு கீழ்க் கோட்டை லேசாக அமுக்கி ஒட்டிக்கொள்ளும். அதிக உயரத்தில் கோடு காற்றில் சுருளும், மிகத் தாழ்ந்தால் ஊசி முந்தைய அடுக்கை உழுதுவிடும்.

அச்சின் தரத்தை 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லி விடாமல் எண்ணால் அளக்க ஓர் எளிய வழி உண்டு. கட்டம் கட்டமாக ஒரு வலை அச்சிட்டு, ஒரு துளையைப் படம் எடுத்து, அதன் சுற்றளவின் வர்க்கத்தைப் பரப்பின் 16 மடங்கால் வகுங்கள். துளை சரியான சதுரமானால் விடை 1. மை பரவி மூலைகள் மழுங்கி வட்டமாகிவிட்டால் 0.785. ஓரங்கள் நெளிந்திருந்தால் 1-ஐத் தாண்டும். 0.9 முதல் 1.1-க்குள் இருந்தால் மேலே போகலாம்.

அச்சு முடிந்ததும் 100 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு, 5 நிமிடம். 100 மி.லி. தண்ணீருக்கு நீரற்ற உப்பு என்றால் 1.11 கிராம், இரு நீர்மூலக்கூறு கொண்ட உப்பு என்றால் 1.47 கிராம். டப்பாவின் லேபிளைப் படிக்காமல் எடை போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. கரைசலை மேலிருந்து ஊற்றினால் அச்சு நகரும். தட்டின் ஓரமாக விடுங்கள். நேரத்தை நீட்டினால் மேல்தோல் மட்டும் விறைக்கும், செல்களுக்கும் கெடுதல். பாஸ்பேட் கழுவு நீரில் அலசக் கூடாது. பாஸ்பேட் கால்சியத்தைப் பிடுங்கி ஜெல்லை இளக்குவதோடு, வெண்மையான கால்சியம் பாஸ்பேட் படிவையும் விட்டுச் செல்லும். அதைச் செல் சுரந்த பொருள் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு.

அச்சுக்குப் பின்

மறுநாள் செய்யும் முதல் வேலை செல்களுக்கு இரு நிறச் சாயம் ஏற்றுவது. கால்சீன் உயிருள்ளதைப் பச்சையாக்கும், புரோபிடியம் அயோடைடு இறந்ததைச் சிவப்பாக்கும். இங்கே ஓர் ஒப்பீட்டு மாதிரி கண்டிப்பாக வேண்டும். அதே கலவையை அச்சிடாமல், கையால் அச்சுக் குழியில் ஊற்றி, அதே கால்சியத்தில் இறுக்கி வையுங்கள். இரண்டிலும் செல் இறந்தால் குற்றம் பொருளிலோ கால்சியத்திலோ. அச்சிட்டதில் மட்டும் இறந்தால் ஊசியும் அழுத்தமும் காரணம். இந்த மாதிரி இல்லாமல் '85 சதவீதம் உயிர்' என்று சொல்வதில் பொருளே இல்லை.

பிறகு வளர்ப்பு. குளுக்கோஸ் அதிகமான டிஎம்இஎம் என்ற வளர்ப்பு மீடியத்தில் டிஜிஎஃப்-பீட்டா3 என்ற வளர்ச்சிப் புரதம் மி.லி.க்கு 10 நானோகிராம், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 100 நானோமோலார், வைட்டமின் சியின் நிலையான வடிவம் மி.லி.க்கு 50 மைக்ரோகிராம், புரோலின் என்ற அமினோ அமிலம் 40 மைக்ரோகிராம், இவற்றுடன் இன்சுலின் கலவை 1 சதவீதம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வைட்டமின் சி இல்லாவிட்டால் கொலாஜன் சரியாக முறுக்கிக்கொள்ளாது. எல்லாம் கூடிவந்தால் கண்ணாடி போல் ஊடுருவித் தெரிந்த ஜெல் மூன்றாம் நான்காம் வாரத்தில் பால் வெண்மைக்கு மாறும்.

வெண்மை வந்ததும் கொண்டாடிவிடக் கூடாது. அக்ரிகானின் சர்க்கரைச் சங்கிலிகளைக் காட்ட ஆல்சியன் நீலம், சஃப்ரானின் ஓ ஆகிய சாயங்களைப் பயன்படுத்துவார்கள். ஆல்ஜினேட்டும் அதே போல எதிர் மின்னூட்டம் கொண்ட சங்கிலி. செல்லே இல்லாத ஜெல்லும் அழகாகச் சாயம் ஏறும். அளவிடப் பயன்படும் டிஎம்எம்பி என்ற சாயச் சோதனையும் வழக்கமான பிஎச் 3-ல் ஆல்ஜினேட்டை அக்ரிகானாகக் கணக்கிடும். பிஎச் 1.5-க்கு இறக்கிச் செய்தால் இந்தக் குழப்பம் குறையும். செல்லில்லா ஜெல் ஒன்றை நான்கு வாரமும் கூடவே வளர்த்து, அதையும் சாயம் ஏற்றிப் பார்ப்பதுதான் நேர்மையான வழி.

கொலாஜனின் வகையையும் பார்க்க வேண்டும். இரண்டாம் வகை வேண்டும். முதல் வகை அதிகமானால் தழும்புத் திசு. பத்தாம் வகை தலைகாட்டினால் செல் எலும்பாகும் பாதையில் போகிறது என்று பொருள். எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களில் இது பெரிய தலைவலி. மனிதக் காண்ட்ரோசைட் போதுமான அளவு கிடைத்தால் அதையே தேர்ந்தெடுப்பது நல்லது.

அடுத்தது விறைப்பு. நல்ல குருத்தெலும்பின் அமுக்க விறைப்பு சுமார் 0.5 முதல் 1 மெகாபாஸ்கல். அச்சிட்ட ஆல்ஜினேட் ஜெல் சில கிலோபாஸ்கலிலிருந்து சில பத்து கிலோபாஸ்கல் வரைதான் வரும். இடைவெளியை நிரப்ப, 60 டிகிரியில் உருகும் பாலிகாப்ரோலாக்டோன் என்ற பிளாஸ்டிக் இழைகளால் சட்டம் கட்டுவார்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் யோஸ் மால்டா குழு 2015-ல் மிக மெல்லிய இழை வலையை ஜெல்லுக்குள் வைத்து அதன் விறைப்பை 54 மடங்கு வரை உயர்த்தியது. தடித்த சட்டம் போட்டால் விறைப்பு எளிதில் கிடைக்கும். ஆனால் சுமை முழுவதையும் சட்டமே வாங்கிக்கொண்டால் செல்லுக்கு அழுத்தமே தெரியாது. அழுத்தத்தை உணராத காண்ட்ரோசைட் சோம்பிவிடும். மெல்லிய வலை இந்தச் சிக்கலுக்கும் சேர்த்தே வழி சொல்கிறது.

சுமை இல்லாத இடத்தில் பாதை கொஞ்சம் எளிது. பிறவியிலேயே வெளிக்காது சரியாக வளராத ஒரு பெண்ணுக்கு, அவருடைய செல்களையே கொலாஜன் மையில் கலந்து அச்சிட்ட காதை அமெரிக்காவில் 2022-ல் மருத்துவச் சோதனையாகப் பொருத்தினார்கள். முழங்காலுக்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வேறு கோணத்தில் முயன்றார்கள். கையில் பேனா போல் பிடித்து, பள்ளத்துக்குள் நேரடியாகச் செல் கலந்த ஜெல்லை நிரப்பும் கருவி அது, ஆடுகளில் சோதித்தார்கள். பயோபிரின்ட் செய்த முழங்கால் குருத்தெலும்பு இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. ஆய்வின் இலக்கும் விளையாட்டிலோ விபத்திலோ விழுந்த தனிப் பள்ளம்தான். வயதில் மூட்டு முழுவதும் தேய்ந்தவருக்கு இதைக் காட்டி நம்பிக்கை ஊட்டுவது தவறு.

கடைசியாக, ஓரம். ஜெல் எவ்வளவு நன்றாக முதிர்ந்தாலும் அதைச் சுற்றியுள்ள பழைய குருத்தெலும்பு அடர்த்தியானது, செல் குறைந்தது, எளிதில் ஒட்டாது. இதைச் சோதிக்க ஆய்வகத்தில் பன்றி முழங்காலின் குருத்தெலும்பிலிருந்து ஒரு வளையம் வெட்டி, நடுத் துளையில் மையை நிரப்பி, நான்கு வாரம் வளர்த்து, பிறகு சிறு கம்பியால் நடுப்பகுதியை மெல்லத் தள்ளிப் பார்ப்பார்கள். எவ்வளவு விசையில் பிரிந்தது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு நின்றுவிடாதீர்கள். பிரிந்த துண்டை நுண்ணோக்கியில் வையுங்கள். ஜெல் நடுவில் கிழிந்திருந்தால் ஒட்டு பலமாக இருக்கிறது, மை பலவீனம். ஓரம் சுத்தமாக, ஒரு துணுக்கும் ஒட்டாமல் கழன்றிருந்தால், மறுபடி மையை மாற்றிப் பயனில்லை. வளையத்தின் உள்சுவரைத்தான் முதலில் நொதியால் லேசாக அரித்துத் தயார் செய்ய வேண்டும்.